பம்பர் போட்டால் பலமா?

போன ஞாயிறு குப்பத்திலிருந்து சித்தப்பா பையன் போன் செய்தான். தக்காளி ஏற்ற லோனில் பொலிரோ பிக்கப் எடுத்திருக்கிறான். "அண்ணா, முன்னாடி கனமான இரும்பு பம்பர், ரெண்டு பக்கமும் படி போடப் போறேன். பலமனேர் ரோட்டுல யானை வருது" என்றான்.

துபாயில் வண்டிக் கடன் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. கௌண்டின்யா காட்டு யானைக்கு அந்தக் கம்பி எம்மாத்திரம்?

ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லைங்க. வண்டியின் முன்பக்கம் மோதலில் நசுங்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். அது நசுங்கினால்தான் அடி அங்கேயே குறையும். சேஸிஸில் முறுக்கிய இரும்பு அந்த அடியை நேராக உள்ளே கொண்டுவரும். ஏர்பேக் இருந்தால் அது விரிகிற நேரமும் தப்பிப்போகலாம். குறுக்கே வரும் மனிதரின் கதி? அவர் மேல் படுவது வெறும் இரும்பு.

2017 டிசம்பரில் மத்திய அரசு இந்தக் கம்பிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதமாம். 2019 திருத்தப்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"ஊர்ல எல்லாரும் போட்டிருக்காங்களே?"

எல்லாரும்தான் ஜாமீன் கையெழுத்து போடுகிறார்கள். மாட்டுகிறவனுக்குத்தானே வலி தெரியும்? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது, சொல்லாமல் செய்த மாற்றம் உண்டா என்றுதான். கிளெய்ம் இழுத்தாலும் இ.எம்.ஐ. நிற்காது.

படி வேறு கதை. சித்தி ஏறி இறங்க வேண்டுமே! கம்பெனியே தருகிற படியை, அகலத்துக்கு வெளியே நீட்டாமல் போட்டுக்கொள் என்றேன்.

பம்பர் காசில் நல்ல டயர் வாங்குடா தம்பி. யானை வந்தால் நிறுத்தத்தான் வேணும், மோத இல்லை.