குளிருக்குக் கணப்பு, புகைக்கு வழி

மார்கழி பிறந்தால் ஜாதவ்பூரில் குரங்குக் குல்லாயும் கம்பளிச் சால்வையும் வெளியே வந்துவிடும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 13, 14 டிகிரிக்கு இறங்கும். சில நாட்களில் அதற்கும் கீழே போகும். சென்னையிலும் மதுரையிலும் வளர்ந்த உடம்புக்கு இதுவே பெருங்குளிர். ஜன்னல்களை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரியடுப்பு வைத்துக் குளிர்காயும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அதைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த அன்பர்கள் 'பெல்லட்' அடுப்பைப் பார்த்திருக்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சித் துண்டுகளை மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பில் தள்ளும். வீட்டில் ஏற்கெனவே உள்ள வெப்பக்காற்றுக் குழாய்களோடு அதைச் சிலர் இணைத்துக்கொள்கிறார்கள். அறைகளுக்குப் போகும் காற்று அடுப்பின் சூடேறிய உலோகத்தைத் தொட்டு வருகிறதே தவிர, நெருப்பைத் தொடுவதில்லை. புகைக்குத் தனிக் குழாய் உண்டு. இரண்டும் கலக்கவே கூடாது என்பதுதான் அதன் அடிப்படை விதி.

நம் ஊர் 'குல்' உருண்டையும் அதற்கு உறவுமுறைதான். நிலக்கரித் தூளில் களிமண் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைப்பது. ஒரு காலத்தில் கல்கத்தாச் சமையலறைகளில் உனுன் எரிந்தது இதனால்தான். உனுனை வாசலில் மூட்டி, புகை அடங்கியபின் உள்ளே எடுத்துவருவார்கள். புகை அடங்கினால் விஷமும் அடங்கிவிட்டது என்று எண்ணுவதில்தான் ஆபத்து. கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்கிவிட்டவர் எழுந்திருக்காமலே போகலாம்.

காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் இதே விஷத்தை உண்டாக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து வாடகை அறையில் தங்கும் நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கல்கத்தாவின் ஆலைப் புகையைக் கட்டுப்படுத்த 1905-லேயே சட்டம் வந்தது. பூட்டிய அறைக்குள் எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மைக் காட்டிலும் ஆபத்தில் இருப்பவர் ஒருவர் உண்டு. அடுக்குமாடி வாசலில் இரவெல்லாம் காவலிருக்கும் தர்வான். குளிர் தாங்காமல் தன் சிறு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, தகர டப்பாவில் கரியைப் போட்டுக் குளிர்காய்பவரை நாம் கவனிப்பதில்லை. "உள்ளே கரி மூட்டாதே" என்று சொல்லிவிடுவது சுலபம். நல்ல லேப் ஒன்றும் கம்பளிச் சட்டையும் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வதே முறை. அந்த அறைக்கு அடைக்க முடியாத காற்றுத் துவாரம் ஒன்றும் வைத்துத் தர வேண்டும்.

ஒவ்வொரு கட்டடத்திலும் உள்ள நம்மவர்கள் இதைக் குடியிருப்போர் கூட்டத்தில் எழுப்பலாம். பொங்கல் வரை காத்திராமல் மார்கழி முதல் வாரத்திலேயே செய்தால் நல்லது.