நூலக வரி கட்டுகிறோம், நூலகம் திறந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாம் கட்டும் சொத்து வரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம் தமிழ்நாடு. அந்த வரியின் பலன் சென்னைப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு முழுமையாக வந்து சேர்கிறதா?

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மாலை வேளையில் நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். சிறுவர் அலமாரியில் பாதிப் புத்தகங்களுக்கு அட்டையே இல்லை. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து வருபவர் வாசலை எட்டுவதற்குள் கதவு பூட்டப்பட்டுவிடுகிறது.

வாசகரின் நேரத்தை மதிப்பதையும் நூலகத்தின் கடமையாக 1931-லேயே வகுத்துத் தந்தவர், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். உழைப்பவர் நிறைந்த புறநகருக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் நமக்குப் பெருமைதான். ஆனால், ஆவடியிலிருந்து ஒரு பள்ளிச் சிறுமி தினமும் அங்கே போய்வர முடியாது. அவளுக்குத் தெருமுனை நூலகம்தான் கதி.

உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரியை உடனுக்குடன் நூலகத் துறையிடம் சேர்க்க வேண்டும். கிளை நூலகங்களை இரவு ஒன்பது மணி வரையாவது திறந்து வைக்க வேண்டும். சிறுவர் பகுதிக்கு ஆண்டுதோறும் புதுப் புத்தகங்கள் வர வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?

– ஒரு வாசகர், அம்பத்தூர்.