இரைச்சலுக்குள் ஒரு குரல்



கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓர் அக்காவுக்கு முதுகு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். துணைக்கு நான் வெள்ளவத்தையிலிருந்து போயிருந்தேன். அங்கே தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசிக்க, அக்கா பதில் சொன்னார். "உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு, நகையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" என்றார்.

"அக்கா, உங்கட காலிலை ஷெல் பீஸ் கிடக்கெல்லோ?"

"அது எப்பவோ பட்டது பிள்ளை. அதையும் சொல்ல வேணுமே?"

சொல்லத்தான் வேண்டும். அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம். உடம்பிலுள்ள இரும்புத் துண்டு அதில் அசையலாம், சூடாகலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றின் அருகே இருந்தால் பேராபத்து. அக்காவுக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு இருக்கும் இடத்தைப் பார்த்த பின்னரே ஸ்கானுக்கு அனுமதித்தார்கள்.

வெளியே வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "ஒரே இடி. பழைய ஷெல்லடிதான் ஞாபகம் வந்தது. கத்தினாலும் ஆருக்குக் கேட்கும்?" என்றார்.

அந்தச் சத்தம் 100 டெசிபலையும் தாண்டக்கூடியது. காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும்போது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் நமக்கு இடியாகக் கேட்கிறது.

இந்த இடிக்குள்ளும் மனிதக் குரலைப் பிரித்தெடுக்க முடியும் என்று வாசித்தபோது வியந்தேன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீகாந்த் நாராயணன், அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பேசும்போது நாக்கு எப்படி அசைகிறது என்பதை அவரது குழுவினர் இந்த இயந்திரத்தில் படம்பிடிக்கிறார்கள். நமது ர, ற, ல, ள, ழ ஒலிகளைப் பற்றியும் அவரும் சக ஆய்வாளர்களும் 1999 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

படம் கிடைத்தாலும் பேச்சு இரைச்சலில் மூழ்கிவிடும். சாதாரண மைக்கில் உலோகம் உண்டு. அதை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே ஒளியிழை மைக்குகள் இரண்டை வைத்தார்கள். ஒன்று வாயருகே பேச்சையும் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். மற்றது சற்றுத் தள்ளி இரைச்சலைப் பிடிக்கும். இயந்திரத்தின் சத்தம் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவது. அந்த ஒழுங்கு தெரிந்தால் கணினி அதைக் கழித்துவிடும், பேச்சு மிஞ்சும். சுளகில் உமியைப் புடைத்து அரிசியை எடுப்பது போலத்தான். இம்முறையை 2006 இல் வெளியிட்டார்கள்.

அது ஆய்வுகூடத்து வசதி. நாம் போகும் இடங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் நம் குரல் கேட்கப்பட வழி உண்டு. உடம்பில் துண்டு இருந்தால், எத்தனை வருடம் ஆனாலும், முதலிலேயே சொல்லுங்கள். படிவம் விளங்காவிட்டால் விளக்கம் கேளுங்கள். விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். பெரும் சத்தம் பழைய பயத்தைக் கிளப்பும் என்றால் அதையும் சொல்லுங்கள். காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். கையில் ஓர் இறப்பர்ப் பந்து தருவார்கள். அதை அமுக்கினால் ஸ்கானை நிறுத்தி உங்களிடம் வருவார்கள்.

அக்காவின் கையிலும் அந்தப் பந்து இருந்திருக்கிறது. அது எதற்கென்று அவருக்கு விளங்கும் மொழியில் எவரும் சொல்லவில்லை. நானும் கேட்டுச் சொல்லவில்லை. அடுத்த முறை கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.