சாவு வீட்டில் எதைப் படிக்கலாம்?

பத்து நாளா எழுத முடியல. பூவன் தார் தள்ளிடுச்சு, முட்டுக்கம்பு கட்டுற வேலை. பங்குனி முடிஞ்சா காத்து எப்ப அடிக்கும்னு சொல்ல முடியாது. போன வருசம் ஒரே சாயங்காலத்தில் நாப்பது மரம் சாஞ்சது. அதனால இந்தத் தடவை முன்னாடியே கட்டிட்டோம். கட்டும்போது கம்பைப் பிடிச்சுக்க ஆள் இல்லை. எப்பவும் தம்பி பிடிப்பான்.

தம்பி ஐப்பசியில் போயிட்டான். மாரடைப்பு. வயசு நாப்பத்தேழு. இங்க படிக்கிற பல பேருக்குத் தெரியும். அப்ப எழுதத் தோணல. இப்பவும் அவனைப் பத்தி எழுத உட்காரல. அவன் காரியத்துக்கு முந்தின பதினஞ்சு நாள் எங்க வீட்டில் நடந்த ஒண்ணைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, அதைத்தான் சொல்லப் போறேன். சில பேருக்குக் கோபம் வரலாம்.

எங்க பக்கம், அதாவது திருவானைக்காவலில் இருந்து கல்லணை போற ரோட்டோரத்து ஊர்களில், சாவு விழுந்த வீட்டில் சாயங்காலம் விளக்கு வெச்சுக் கருட புராணம் படிக்கிற வழக்கம் உண்டு. பதினெட்டுப் புராணத்தில் ஒண்ணு அது. கருடன் கேட்க, பெருமாள் பதில் சொல்ற மாதிரி அமைஞ்சது. உசிர் பிரிஞ்சு போற வழி, வைதரணி ஆறு, எமலோகம், எந்தப் பாவத்துக்கு எந்த நரகம், அதுக்கு என்ன தானம்னு எல்லாம் வரும். 2005இல் 'அந்நியன்' படம் வந்த பிறகு கும்பிபாகம், கிருமிபோஜனம்னு சின்னப் பசங்களுக்கும் மனப்பாடம். அந்தப் படத்துக்கு வசனம் எழுதினவர் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வளர்ந்த நம்ம சுஜாதாதான்.

எங்க வீட்டில் படிச்சது எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருத்தர். நல்ல மனுசன். காசு வாங்க மாட்டார். குரலும் நல்லா இருக்கும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நரகங்கள் வரிசையா வந்தது. பொம்பளைங்க உள்ளே திண்ணையை ஒட்டி உட்கார்ந்திருந்தாங்க. படிச்சு முடிச்சு எல்லாரும் கலைஞ்ச பிறகு என் தங்கச்சி பக்கத்தில் வந்து நின்னா. மெதுவாக் கேட்டா:

"அண்ணே, சண்டையோட செத்தவங்க எங்க போவாங்க?"

இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. ரெண்டு வருசம் முன்னாடி அவ பொண்ணு சடங்குக்குத் தாய்மாமன் சீரோட தம்பி வரணும். அன்னிக்கு அவன் கையில் காசு இல்லை. வட்டிக்கு வாங்கப் போய், நேரம் கழிச்சு, பந்தி முடிஞ்ச பிறகு வந்தான். சபையில் நாலு பேர் சிரிச்சாங்க. தங்கச்சிக்கு ஆத்திரம். "இனிமே என் வாசப்படியை மிதிக்காத"ன்னுட்டா. அவனும் ரோசக்காரன், மிதிக்கல. ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை கிலோமீட்டர்தான். ரெண்டு வருசம் பேச்சு இல்லை. நான் நடுவில் புகுந்து பேசியிருக்கணும், 'தானா சரியாயிடும்'னு விட்டுட்டேன். அந்தத் தப்பு என்னோடது.

அவ கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. பெரியப்பாகிட்ட போய், "இந்த நரகப் பகுதியை விட்டுட்டுப் படிங்களேன்"ன்னேன். "பயம் இருந்தாத்தான்டா மனுசன் ஒழுங்கா இருப்பான்"னார். அவர் சொல்றதில் நியாயம் இல்லாம இல்லை. ஆனா நான் விவசாயி, எனக்குத் தெரிஞ்ச கணக்கு இதுதான்: விதைக்கும்போது சொல்ல வேண்டியதை அறுப்பு முடிஞ்ச வயலில் நின்னு சொல்லிப் பிரயோசனம் என்ன? பயப்பட வேண்டியவன் போயிட்டான். கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது அழுது அழுது கண்ணு வீங்கினவங்க. அவங்க மேல ஏன் இன்னொரு பாரம்?

காரியம் அம்மாமண்டபத்தில் முடிஞ்சது. அதுக்கப்புறமும் தங்கச்சி சரியாச் சாப்பிடல. அப்பத்தான் என் மச்சான் ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரிக்கு மணப்பாறைப் பக்கம். வீரப்பூர் அவங்களுக்குக் கிட்ட. மாசித் திருவிழாக் கடையில் எப்பவோ வாங்கின அண்ணன்மார் கதைப் புத்தகம் அது. அட்டை கிழிஞ்சு, பசை போட்டு ஒட்டினது.

பொன்னர் சங்கர் கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். பொன்னிவளநாட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர், அவங்களுக்கு ஒரே தங்கச்சி அருக்காணித் தங்காள். தலையூர்க் காளியோட பகை, கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வேட்டை, கடைசியில் வீரமலைக் காட்டில் ரெண்டு பேரும் உசிரை விடுறாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு முக்கியமாப் படுற இடம். தங்காள் தன்னந்தனியாக் காட்டுக்குள்ள தேடிப் போறா. பெரியக்காண்டியம்மன் அருளால செத்துக் கிடக்கிற அண்ணன்மாரை எழுப்புறா. அவங்க எழுந்து உட்கார்ந்து தங்கச்சியோட பேசுறாங்க. பேசிட்டு, 'எங்க காலம் முடிஞ்சது தாயி'ன்னு திரும்பவும் போயிடுறாங்க. ஊருக்கு ஊர் பாட்டு மாறும், ஆனா எங்க மாமியார் சொல்லி நான் கேட்ட கதை இப்படித்தான்.

இது சின்னக் கதை இல்லை. உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியாப் பாடுவாங்க. 1965இல் பிரெண்டா பெக் என்கிற மேல்நாட்டு அம்மா கொங்குப் பக்கம் வந்து தங்கி, முழுக்க டேப்பில் பதிஞ்சு வெச்சாங்க. கலைஞர் 'பொன்னர் சங்கர்'னு நாவலாகவே எழுதினார். 2011இல் அது சினிமாவாவும் வந்தது. வீரம், போர்னு அதில் எல்லாரும் பார்க்கிறது அந்த ரெண்டு அண்ணன் தம்பியை. எங்க வீட்டுப் பொம்பளைங்க பார்த்தது தங்காளை.

புத்தகம் முதல்ல என் வீட்டுக்காரி கையில் இருந்தது. அப்புறம் எதிர்வீட்டு அக்கா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க மகன் பைக்கில் போய்ச் சேர்ந்து நாலு வருசம் ஆகுது. அவங்ககிட்ட இருந்து பால் சொசைட்டிக்கு வர்ற ஒரு அம்மா. எழுதப் படிக்கத் தெரியாத எங்க அத்தைக்கு, ஒன்பதாவது படிக்கிற பேத்தி உரக்கப் படிச்சுக் காட்டினா. ஒரு மாசத்தில் அஞ்சு வீடு சுத்திட்டு வந்தது. திரும்பி வந்தப்ப பார்க்கிறேன், அந்த எழுப்புற பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட், ஒரு மஞ்சக்கறை, ஓரம் மடிச்ச தடம். எல்லாரும் அந்த இடத்தில்தான் நின்னிருக்காங்க. யாரும் யார்கிட்டயும் சொல்லிக்கல.

தங்கச்சி படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "தங்காளுக்கு ஒரு நாழியாச்சும் கெடச்சுது."

மாசியில் மச்சான் ஊர்ப் பக்கம் ஒரு அண்ணன்மார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க படுகளம். பார்க்காதவங்க ஒருதரம் பார்க்கணும். ஆட்கள் சாமி வந்து செத்தவங்க மாதிரியே விழுறாங்க. வரிசையாப் படுக்க வெச்சு வெள்ளைத் துணி போர்த்துறாங்க. கூட்டம் அப்படியே அமைதியாகுது. தங்காளா வர்ற பொண்ணு தீர்த்தம் தெளிக்க, ஒவ்வொருத்தரா எழுந்திரிக்கிறாங்க. தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசல.

நாலு நாள் கழிச்சு, அவளாவே தம்பி வீட்டுக்குப் போயிருக்கா. அண்ணிகாரியோடயும் இந்த ரெண்டு வருசம் பேச்சு கிடையாது. சாவு வீட்டில் ஒரே கூரைக்குக் கீழ பதினாறு நாள் இருந்தும் முகம் பார்த்துப் பேசல. போய், "வாசப்படியை மிதிக்காதன்னு சொன்னது நான்தான் அண்ணி"ன்னு அழுதிருக்கா. அதுக்கு அந்தப் புள்ள சொல்லியிருக்கு: "அவரு உரக்கடைக்கு நேர் ரோட்டுல போகாம உங்க தெரு வழியாத்தான் சுத்திப் போவாரு. உங்களுக்குத் தெரியாதா?"

கேட்டதுக்கு எந்தப் புராணத்திலயும் கிடைக்காத பதில், அடுத்த தெருவில் உசிரோட இருந்த ஒருத்திகிட்ட இருந்திருக்கு.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். செத்த பிறகு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. பத்தாவது படிச்சவன் நான், வாதம் பண்ண வரல. கருட புராணத்தைத் தூக்கிப் போடுங்கன்னும் சொல்லல. சாயங்காலம் நாலு பேர் வந்து உட்காரணும், அந்த வீடு தனியாக் கிடக்கக் கூடாதுன்னு ஏற்படுத்தின நல்ல வழக்கம் அது. நான் சொல்றது, எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம், முன்னாடி உட்கார்ந்திருக்கிறது யாருன்னு பார்த்துப் படிங்க.

நம்ம முன்னோருக்கு இது தெரியாம இல்லை. வடமாவட்டங்களில் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிறாங்க. பெத்து விட்டுட்டவ, பிள்ளை செத்த பிறகு வந்து அழுற கதை. அதைப் பார்க்கிறப்ப அந்த வீட்டுக்காரங்களும் சேர்ந்து அழுதுக்கலாம். நம்ம ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்குங்க. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் திறக்கிறதைப் பார்க்க உலகமே வருது. ஆனா இராப்பத்து கடைசியில் நம்மாழ்வார் மோட்சம் நடக்கும், அதுக்குக் கூட்டம் கம்மி. ஆழ்வாரை நம்பெருமாள் திருவடியில் சேர்த்து, துளசியால் மூடிடுவாங்க. அதோட முடியல. 'எங்களுக்கு ஆழ்வாரைத் திருப்பித் தாங்க'ன்னு பெருமாள்கிட்டயே கேட்டு, திரும்ப வாங்கிக்கிறாங்க. வீரப்பூர்ப் பக்கம் படுகளத்திலும் இதேதான். மேல வடக்கலையோ தென்கலையோ, கீழ எங்களை மாதிரி குடியானவனோ, மனுசனுக்கு உள்ள ஆசை ஒண்ணுதான்: ஒரு தடவை திருப்பிக் கொடு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன், அப்புறம் கூட்டிட்டுப் போ.

சாவு வீட்டுக்கு வேண்டியது அந்த மாதிரிக் கதைதான். அதைத் தனியாப் படிக்காம, கை மாத்திக் கை மாத்திப் படிக்கணும். எதிர்வீட்டு அக்கா வெச்ச பஸ் டிக்கெட்டைப் பார்த்தபோது என் தங்கச்சிக்கு, 'இந்த இடத்தில் நான் மட்டும் நிக்கல'ன்னு தோணியிருக்கும். ஆறுதல் சொல்ல வர்றவங்க சொல்ற நூறு வார்த்தையைவிட அது பெருசு.

இன்னொண்ணு. தங்காளுக்குக் கிடைச்ச அந்த ஒரு நாழி நமக்குக் கிடைக்காது. ஆனா உசிரோட இருக்கிறப்ப நாழிக்குக் குறைச்சல் இல்லை. பேசாம இருக்கிற அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாராச்சும் இருந்தா, நடுவில் இருக்கிறவங்க 'தானா சரியாயிடும்'னு விடாதீங்க. நான் விட்டேன்.

புத்தகம் இப்ப பெரியப்பா வீட்டில் இருக்கு. அவரே கேட்டு வாங்கிட்டுப் போனார். நேத்து முட்டுக்கம்பு கட்டும்போது தம்பி மகன் வந்து பிடிச்சான், கூடத் தங்கச்சி வீட்டுக்காரரும் வந்திருந்தார். இன்னும் அரை ஏக்கர் பாக்கி.