அட்டையில் ஓடும் கார்

கையடக்கமான விளையாட்டுக் கருவி கிடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பசிகூடத் தெரிவதில்லை என்று அலுத்துக்கொள்ளாத தாய் உண்டா, சகோதரிகளே? அந்தக் கருவியைக் கொண்டே பிள்ளையின் விரல்களுக்கு வேலை கொடுக்கலாம் என்றால் நம்புவீர்களா?

ஜப்பானில், கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனி 1889-ல் சீட்டுக்கட்டுத் தயாரிக்கத் தொடங்கியது. 2018 ஏப்ரலில் மறுபடியும் அட்டையைக் கையில் எடுத்தது. தன்னுடைய 'ஸ்விட்ச்' கருவிக்காக 'லாபோ' என்ற அட்டைத் தொகுப்பை வெளியிட்டது.

கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம். துண்டுகளைத் தாளிலிருந்து மெல்லப் பெயர்த்து, கோட்டின்படி மடித்து, செருக வேண்டியதுதான். மடிக்கும் விதத்தைக் கருவியின் திரையே படிப்படியாகக் காட்டும். புரியாவிட்டால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்க்கலாம்.

அந்தத் தொகுப்பு வீட்டில் இருந்தால், முதலில் சின்னக் காரைச் செய்யச் சொல்லுங்கள். சுமார் 10 நிமிஷ வேலை. காருக்குச் சக்கரமே கிடையாது! இரு பக்கமும் செருகிய கைப்பிடிகள் அதிர, அந்த அதிர்விலேயே கார் நகரும். பியானோவுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது பிறகு ஆகட்டும்.

ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்த்த பிறகே செருக வேண்டும். அவசரப்பட்டால் நுனி கிழிந்துவிடும்.

குழந்தை கோணலாக மடிக்கும்போது, "கொடு இப்படி, நான் செய்கிறேன்" என்று பிடுங்கத் தோன்றும். வேண்டாம், அம்மா! பிரித்து மறுபடி மடிக்கட்டும். நீங்கள் செய்த கார் மறுநாளே மூலைக்குப் போகும். தானே செய்த காரையோ, குழந்தை தலையணைக்கருகில் வைத்துக்கொண்டு தூங்கும்.