விமானத்துக்கு வழி சொல்வதைக் கணினியிடம் கொடுக்கும் முன் நாலு கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பள்ளிவாசல்துறையில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடு குறைவு. கட்டார், சவூதி, குவைத், டுபாய் என்று போகிறார்கள். கொஞ்சம் வசதி வந்தால் உம்ரா, நிய்யத் கைகூடினால் ஹஜ். ஏஜென்சிக்கு எவ்வளவு, டிக்கட் என்ன விலை, எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று எல்லாம் விசாரிப்போம். மேலே போகும் விமானத்துக்குத் தரையிலிருந்து வழி சொல்கிறவர் யார், எதை வைத்துச் சொல்கிறார் என்று மட்டும் விசாரிப்பதில்லை.

இப்போது விசாரிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தானியங்கி ஆக்கும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது. ஐரோப்பாவில் அதற்கு 'செசார்' என்று பெயர், அமெரிக்காவில் அது 'நெக்ஸ்ட்ஜென்' என்ற பெயரில் நடந்தது. இரண்டு விமானங்கள் நெருங்கப் போவதை முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது, இறங்கும் வரிசையை அடுக்குவது, ரேடியோவில் பேசுவதற்குப் பதிலாக எழுத்தில் கட்டளை அனுப்புவது என்று அதில் பல பகுதிகள் உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு "இனி மனிதனே தேவையில்லை" என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணமும் மூளையும் முதலில் எங்கே போக வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது. கெட்டிக்கார இயந்திரம் செய்கிற அவசரத்தை விட, அந்த இயந்திரம் பிழை விடும்போதும் மனிதனோடு முரண்படும்போதும் என்ன நடக்கும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இது தூரத்து நாட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். ஹாஜிகளை ஏற்றிய இரண்டு விமானங்கள் நான்கு வருட இடைவெளியில் நம் நாட்டு மண்ணிலேயே விழுந்தன.

1974 டிசெம்பர் 4. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிவந்த 'மார்ட்டின் எயார்' விமானம், இடையில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. விமான நிலையத்துக்கு 14 மைல் தூரத்தில் நெருங்குகிறோம் என்று விமானிகள் சொன்னார்கள். தரையில் இருந்தவர் 2000 அடிக்கு இறங்க அனுமதி கொடுத்தார். உண்மையில் விமானம் இன்னும் கிழக்கே, மலைநாட்டுக்கு மேலே இருந்தது. நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

1978 நவம்பர் 15. ஹஜ்ஜை முடித்து ஜித்தாவிலிருந்து ஊர் திரும்பிய இந்தோனேசிய ஹாஜிகளின் விமானம். ஐஸ்லாந்துக் கம்பனி ஒன்றுக்குச் சொந்தமானது. கட்டுநாயக்கவில் இறங்க வந்து, ஓடுபாதைக்கு முன்னாலேயே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மௌத்தானார்கள். விமானிகள் உயரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. தரையிலிருந்த வழிகாட்டிக் கருவியின் பராமரிப்பு சரியில்லை, ரேடாரில் இருந்தவர் தந்த தகவல் பிழை, காற்றும் கீழே அமுக்கியது என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. இரண்டு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இனி எங்கள் நாலு கேள்வி.

1. இயந்திரத்துக்குப் போகும் தகவல் உண்மையா?

1974 இல் தரையில் இருந்தவர் விமானிகளின் சொல்லை நம்பினார். அதை ஒத்துப்பார்த்துப் பிழை பிடிக்க வேறு வழி கைகொடுக்கவில்லை. 1996 நவம்பர் 12 இல் டில்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் வானிலேயே மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. டில்லியில் அன்று பாவித்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. திரையில் பார்த்தவருக்கு அந்த இறக்கம் தெரியவே இல்லை. சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர், நம் பிள்ளைகளைப் போல வேலைக்குப் போன இந்தியர்கள்.

இன்றைக்கு விமானம் தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்து தானே அறிவிக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 2023 கடைசியிலிருந்து மத்திய கிழக்கு வானத்தில் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞை அனுப்பி விமானங்களைக் குழப்புவது நடந்துவருகிறது. நம் ஆட்கள் போய்வரும் அதே பாதை. ஜிபிஎஸ் பொய் சொன்னால் நம் சம்மாட்டிமார் கரையின் வெளிச்சத்தையும் காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்துத் தோணியைத் திருப்புவார்கள். ஒன்று சொன்னதை இன்னொன்றால் ஒத்துப்பார்க்கிறார்கள். வானத்திலும் இதுதான் வேண்டும். ஒரே மூலத்தை மட்டும் நம்பும் தானியங்கி, 1974 இன் பிழையை இன்னும் வேகமாகச் செய்யும்.

2. மனிதன் ஒன்று சொல்லி, இயந்திரம் இன்னொன்று சொன்னால் யார் பேச்சைக் கேட்பது?

விமானங்களுக்குள் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறது. எதிரே வரும் விமானத்தின் கருவியோடு பேசி, ஒன்றை ஏறு என்றும் மற்றதை இறங்கு என்றும் சொல்லும். 2001 ஜனவரி 31 இல் ஜப்பானில் ஒரே கம்பனியின் இரண்டு விமானங்கள் மயிரிழையில் தப்பின. இரண்டிலும் சேர்த்து 677 பேர். கருவி ஏறச் சொன்ன விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்லியிருந்தார். விமானி இறங்கினார். பலர் காயப்பட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. எது முந்தியது என்ற உலக விதி உடனே தெளிவாக்கப்படவில்லை.

ஒன்றரை வருடம் கூட ஆகவில்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜேர்மனியின் உபெர்லிங்கன் நகருக்கு மேலே அதே குழப்பம். ரஷ்ய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது, தரையில் இருந்தவர் இறங்கச் சொன்னார். விமானி மனிதனின் சொல்லைக் கேட்டார். எதிரே வந்த சரக்கு விமானம் கருவியின் சொல்லைக் கேட்டு இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் கருவியின் கட்டளையே முந்தியது என்று விதி தெளிவானது.

மறுபக்கமும் உண்டு. 2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தை, துருக்கி வானத்தில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அந்த உயரத்தில் சுமார் 15 மைல் தூரத்தில் வேறு விமானம் இருப்பதைக் கருவியில் கண்ட நம் விமானிகள் ஏற மறுத்தார்களாம். தன் விமானிகளின் விழிப்பையும் விமானத்திலிருந்த கருவிகளையும் ஸ்ரீலங்கன் நிறுவனம் பாராட்டியது. இயந்திரம் காட்டியது, மனிதன் யோசித்தான். இந்தக் கூட்டு எப்போது வேலை செய்கிறது, எப்போது குழம்புகிறது என்பதை, ஆட்கள் சாகும் முன் ஆராய வேண்டும்.

3. இயந்திரம் நின்றுபோனால்?

2023 ஆகஸ்ட் 28 இல் பிரித்தானியாவில் ஒரே ஒரு விமானத்தின் பயணத் திட்டம் முழு முறைமையையும் நிறுத்தியது. உலகின் இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு ஒரே மூன்றெழுத்துக் குறியீடு இருந்ததால் கணினி குழம்பி நின்றது. உதவிக்கு வைத்திருந்த இரண்டாவது கணினியிலும் அதே மென்பொருள். அதுவும் அதே இடத்தில் நின்றது. 7 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். 2025 நவம்பரில் டில்லியில் விமானத் தகவல்களைத் தானாக அனுப்பும் முறைமை பழுதாகி 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

இரண்டு இடத்திலும் உயிர் போகவில்லை. காரணம், கையால் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், அவர்களால் முடிந்த அளவுக்கு விமானங்களைக் குறைத்தார்கள். இருபது வருடம் கழித்து அப்படித் தெரிந்தவர்கள் இருப்பார்களா? கல்குலேட்டர் பழகிய பிள்ளைக்கு வாய்ப்பாடு மறந்துபோவதை நாங்கள் வகுப்பில் தினமும் பார்க்கிறோம்.

4. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் மனிதன் எவ்வளவு நேரம் விழிப்பாக இருப்பான்?

"இயந்திரம் செய்யட்டும், மனிதன் கண்காணிக்கட்டும்" என்பது கேட்க நல்ல தீர்வு. ஆனால் 1948 இலேயே மெக்வர்த் என்ற உளவியலாளர், ரேடார் பார்க்கும் வேலையைப் போன்ற ஒரு சோதனை வைத்து, அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் தளர்கிறது என்று காட்டினார். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற எந்த ஆசிரியருக்கும் இது புரியும். 1983 இல் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் இன்னொன்றைச் சொன்னார். சுலபமான வேலையை எல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டால், மனிதனுக்கு மிஞ்சுவது மிகக் கடினமான வேலை. அதையும் பழக்கமில்லாமல், திடீரென்று செய்ய வேண்டிவரும்.

இதில்தான் எங்களுக்குப் பெரிய பயம். தானியங்கி வந்துவிட்டது என்று சொல்லி ஆட்களைக் குறைப்பார்கள். உபெர்லிங்கன் இரவில் ஒருவர் ஓய்வுக்குப் போக, தனி ஒருவர் இரண்டு திரைகளைப் பார்த்தார். பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கை வசதியின் ஒரு பகுதியும் நிறுத்தப்பட்டிருந்தன. பக்கத்து நிலையம் எச்சரிக்க முயன்றும் அழைப்புக் கிடைக்கவில்லை. நம் நாட்டிலும் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள், பொறியியலாளர்களைப் போலவே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் வெளிநாடு போனார்கள். ஆள் பற்றாக்குறையை மறைக்கும் போர்வையாக இயந்திரம் வரக்கூடாது.

"மனிதன்தானே அதிகம் பிழை விடுகிறான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசெம்பர் 1 இல், அமெரிக்காவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. சர்க்கி தாத்ரிக்குப் பிறகு மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. இந்தக் கருவிகள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதனால்தான் இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இவை மனிதனுக்குத் துணையாக வந்த கருவிகள். மனிதனை எழுப்பிவிட்டு உட்கார வரும் கருவிக்கு இன்னும் கடினமான பரீட்சை வைக்க வேண்டும்.

அந்தப் பரீட்சை நம் வானத்திலும் நடக்க வேண்டும். இலங்கை பொறுப்பெடுத்துப் பார்க்கும் வான்பரப்பு இந்தத் தீவை விடப் பல மடங்கு பெரியது. அதில் பெரும்பகுதி ரேடார் எட்டாத கடல். மேகமும் மழையும் நம் பருவக்காற்றுக்குரியவை. ஐரோப்பிய வானத்தில் பழகிய மென்பொருளை அப்படியே வாங்கிப் போட்டால் இங்கே என்ன செய்யும் என்று இங்கேதான் சோதிக்க வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அந்த மாணவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கொடுக்கலாம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் அறிக்கைகள், ஆட்களின் பெயரை நீக்கி, மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். பிழையைச் சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் சொல்ல மாட்டான். வகுப்பிலும் அப்படித்தான், கட்டுப்பாட்டு அறையிலும் அப்படித்தான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பாதை கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். இதையும் ஒரு தடவை கேளுங்கள்: புதிய முறைமை வாங்கும்போது அது நின்றுபோனால் என்ன ஏற்பாடு, அந்த இரவில் எத்தனை பேர் கடமையில் இருப்பார்கள்? கணிதமும் ஆங்கிலமும் கைவரும் நம் பிள்ளைகளிடம் இப்படி ஒரு தொழில் இருப்பதையும் சொல்லுங்கள். டொக்டர், இன்ஜினியர் என்று இரண்டே கனவோடு அவர்களை நிறுத்த வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். விமான நிலையத்தில் வேலை செய்யும் நம்மூர் ஆட்கள் திருத்தம் சொன்னால் இன்னும் சந்தோசம்.