வக்கீலும் கக்ஷிக்காரரும்

வக்கீல் ஒருவர் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், நன்றாய்ப் பேசுவார் என்று ஊரார் மகிழ்வது இயல்பு. பேச்சு வக்கீலல்லாதாரிடத்தும் உண்டு. ஒரு மசோதாவின் பிரிவைப் படித்த மாத்திரத்தில், அதனால் எவன் வீட்டு விளக்கு அவியும் என்று காண்பதே அவரிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது. அவன் தமக்கு வோட்டளிக்க இயலாதவனாயின், அப்பொழுதும் அவனுக்காக வழக்காடுவாரா?

இலங்கையில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் வழக்காடினார். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்த கிறிஸ்தவர். சிறிது காலம் ஆசிரியர். பின்னர்க் கொழும்பில் சிவில் வழக்குகளிற் பெயர்பெற்ற நியாயவாதி. குரலோ மெலிந்தது. 1947இல் காங்கேசன்துறைத் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிற்று.

மறு வருஷமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தவனும், தன் தந்தை, அல்லது பாட்டனும் பாட்டனின் தந்தையும், அங்கே பிறந்ததை நிரூபித்தாலன்றி வம்சாவளியாற் பிரஜையாகான். பார்வைக்குப் பொதுவான விதியே. ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த தொழிலாளி அப்பத்திரங்களுக்கு எங்கே போவான்?

இது சேத்தூரார்க்கு அயலார் கதையன்று. பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் முன்பணத்தை நம்பிக் கண்டிச் சீமைக்குக் கடல் கடந்தவர்களில் இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களின் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தோர் பலர்.

செல்வநாயகத்தின் தலைவரான ஜி. ஜி. பொன்னம்பலமும் வக்கீலே, கிரிமினல் வழக்குகளிற் பெரும் பெயரெடுத்தவர். பேச்சே அளவாயின் வெற்றி அவருக்கே. அவரும் அச்சட்டத்தை எதிர்த்தவர்தாம். எனினும் அவ்வாண்டிலேயே மந்திரிசபையிற் சேர்ந்தார். ஒத்துழைத்தே நன்மை பெறலாம் என்பது அவர் கொள்கை. அதனை நாம் இகழவில்லை. செல்வநாயகமோ பிரிந்து நின்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

தொகுதியின் ரஸ்தாவையும் கிணற்றையும் கவனிப்பதன்றோ அங்கத்தினர் கடமை என்பாரும் உளர். தோட்டத் தொழிலாளர் காங்கேசன்துறையின் வோட்டர்கள் அல்லர் என்பது மெய்யே. 1949ஆம் வருஷத்துத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் எங்குமே வோட்டர்களாயில்லை. இத்தகைய கக்ஷிக்காரரிடம் பெறக்கூடிய பீஸ் யாது? 1952 தேர்தலில் செல்வநாயகம் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இன்று மலையகத்தாருக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று அவர் எச்சரித்ததைக் காங்கேசன்துறை அப்பொழுது பொருட்படுத்தவில்லை. 1956இல், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற முழக்கம் எழுந்த தேர்தலில், அதே தொகுதி அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது.

1964ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில் இந்தியா 5,25,000 பேரை ஏற்க இசைந்தது. செல்வநாயகம் 1977 ஏப்ரல் 26ஆம் நாள் காலமானார். எஞ்சிய நாடற்றோர்க்கு இலங்கைப் பிரஜா உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று.